படிவத்தில் ஐந்தாவது ஆள்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பற்றிய எங்கள் ஆய்வுப் படிவங்களைப் பெயர், விலாசத்தோடு அமைச்சுக்கு அனுப்பப்போவதாக எங்கள் ஒஃபிஸ் பொறுப்பாளர் இராசரத்தினம் சேர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயர் வெளியில் போகாது என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்தவள் நான். கொடுக்கச் சொன்னவர் அவர்.

“அவை கேட்டா குடுக்கத்தானே வேணும் சிவமணி. நாங்களும் கொழும்பிலை இருக்கவேணுமெல்லோ.”

கொட்டாஞ்சேனை கொன்ஸ்ரன்ஸ் அக்காவின் நினைவுதான் முதலில் வந்தது. கொழும்புத் தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிவைக்கும் பொலிஸ் பதிவில் அவர் வீட்டில் நான்கு பேர். என் படிவத்தில் ஐந்து. ஐந்தாவது ஆள், வன்னியிலிருந்து வந்து பதியாமல் தங்கியிருக்கும் தம்பி. அகப்பட்டால் பொலிஸ்காரர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்றாம் தரம் போய், அக்கா தந்த புட்டையும் சாப்பிட்டுவிட்டு, நைசாகக் கதைத்து எடுத்த தகவல் அது. அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

அந்தப் படிவத்தை மட்டும் உருவிக்கொண்டு பின்னேரமே போனேன். விஷயத்தைச் சொல்லி அக்காவின் கையில் கொடுத்தேன். நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், அதை மறைக்கமாட்டேன்.

அவர் தம்பியின் பெயரில் விரலை வைத்தார்.

“இதை ஏன் எழுதினனீர்?”

“ஆய்வுக்கு அக்கா. சரியான தொகை வேணுமெண்டு…”

“உங்கட வெள்ளவத்தை வீட்டிலை எத்தனை பேர்?”

“மூண்டு பேர்.”

யோசிக்கவே இல்லை. பதிவில்லாத என் மச்சான் இரண்டு மாதமாகப் பின்னறையில் இருக்கிறான். என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

“பொய் சொல்ல எனக்கும் தெரியும் பிள்ளை. உம்மை எங்கட ஆள் எண்டு நினைச்சுத்தான் உண்மையைச் சொன்னனான்.” படிவத்தை அடுப்புக்குள் வைத்தார். “மற்ற வீட்டுக்காரற்றை படிவங்கள்?”

“ஒஃபிசிலை இருக்கு.”

“அப்ப இஞ்ச நிண்டு என்ன செய்யிறீர்?”

மறுநாள் காலை அலுமாரியிலிருந்த அறுபத்தொரு படிவங்களையும் பையில் போட்டேன். வாசலில் சேர் வந்து நின்றார்.

“எங்க கொண்டுபோறீர்?”

“சொன்ன ஆக்களிட்டையே குடுக்கப்போறன்.”

“வேலை போயிடும் சிவமணி.”

“ஓம் சேர். வழியை விடுங்கோ.”

விட்டார். அறுபத்தொரு வீட்டிலும் ஏன் எழுதினாய் என்று என்னைக் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் வாசலில் நின்றே கேட்டுக்கொள்வேன். சாப்பிடச் சொன்னால் உள்ளே போகமாட்டேன்.