காளை நோட்டீஸில் போட்ட விலை

பொழுது சாய்வதற்குள் முத்தாயம்மாளுக்கு ஒரு வாடிக்கையாளராவது கிடைக்கவேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் செல்லமுத்துவின் வண்டியில் ஏறி ஊருக்குப் போகவேண்டியதுதான். "ஒருத்தராச்சும் உன்னை மறுபடி எழுதக் கூப்பிடோணும். இல்லீனா இந்த நோட்டீஸ் எழுதற பொழப்பு போதும் புள்ளே" என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

சேலத்தில் ஓர் அச்சகத்தில் தாள் மடித்தவள் அவள். மடித்த விளம்பர நோட்டீஸ்களைப் படித்துப் படித்து, நாமே எழுதிக் கொடுக்கலாமே என்று வேலையை விட்டுவிட்டாள். ஜவுளிக் கடை, பாத்திரக் கடை என்று ஏறி இறங்கினாள். "பொம்பள எழுதி எவன் படிப்பான்?" என்று சிரித்தார்கள். நாமக்கல் மாட்டு வியாபாரி செங்கோட்டையன் ஒருவர்தான், "எழுது அம்மிணி, பாக்கலாம்" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. முதல் இரண்டு வரியைக் கேட்டுவிட்டு, போதும், அச்சடி என்றுவிட்டார்.

இன்றைக்கு மாட்டுச் சந்தை. நோட்டீஸ் எல்லார் கையிலும் இருந்தது. செங்கோட்டையனின் காளைகள் பக்கம் மட்டும் ஓர் ஆள்கூட வரவில்லை.

உச்சி வெயிலில் தரகர் மாதையன் நோட்டீஸை ஆட்டிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, விலையை அச்சடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டீங்க. அப்புறம் என் துண்டு எதுக்கு, தலை தொவட்டவா?"

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை கண்ணுகளா. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். விலையை வெளியே சொன்னால், மாட்டில் ஏதோ குறை, தள்ளிவிடப் பார்க்கிறான் என்று அர்த்தம். ஜவுளி நோட்டீஸ் பார்த்தே பழகியவள், விலையைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்.

செங்கோட்டையனின் முகம் கறுத்தது. "என் மாட்டுல குறைன்னு நீயே எழுதிட்ட!"

அண்ணன் வண்டியில் மாட்டைப் பூட்டப் போனான்.

முத்தாயம்மாள் செங்கோட்டையன் பக்கம் திரும்பினாள். "நெசமாலுமே குறை இருக்குதுங்களா?"

"செவலைக் காளைக்குப் பின்னங்கால்ல லாடம் அடிச்ச புண்ணு, ஆறிட்டு வருது. அதுக்கென்ன இப்ப?"

அவள் பக்கத்துப் பாரவண்டியின்மேல் ஏறி நின்றாள். சந்தையே திரும்பிப் பார்த்தது.

"நோட்டீஸ் எழுதினது நானுங்க! விலை போட்டது என் தப்பு. குறை இருக்குமோன்னு யாரும் யோசிக்க வேண்டாம், நானே சொல்றேன். செவலைக்குப் பின்னங்கால்ல லாடப் புண்ணு, ஆறிட்டு வருது. வேற குறை இருந்தா வந்து காட்டுங்க!"

"எறங்குடி கீழே!" செங்கோட்டையன் தார்க்குச்சியை ஓங்கிக்கொண்டு வந்தார். மாதையன் குறுக்கே கையை நீட்டினார். "இருங்க. ஆள் வாராங்க."

வயதான குடியானவர் ஒருவர் வந்தார். செவலையின் காலைத் தூக்கிப் புண்ணை அழுத்திப் பார்த்தார். வாயைப் பிளந்து பல்லை எண்ணினார். நடக்கவிட்டுப் பின்னாலேயே போனார். கடைசியில் அவர் மாதையனைப் பார்த்துத் தலையசைத்தார். செங்கோட்டையன் கையின்மேல் துண்டு விழுந்தது. உள்ளே விரல்கள் நெளிந்தன, நின்றன, மறுபடி நெளிந்தன.

துண்டை எடுத்தபோது செவலையும் அதன் ஜோடியும் கைமாறியிருந்தன. செங்கோட்டையன் அவளிடம் வந்தார். "புண்ணைச் சொல்லி விலையைக் கொறச்சுட்ட. இனி எம்பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

இருந்த ஒரே வாடிக்கையும் போயிற்று. அண்ணன், "ஏறு முத்தாயி" என்றான். அவள் வண்டிச் சட்டத்தில் கையை வைத்தாள்.

"அம்மிணி, நில்லு" என்று மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். "அடுத்த சந்தைக்கு நாலு ஜோடி நம்ம கையில வருது. இதே மாதிரி குறையைச் சேர்த்தே எழுதிக் குடுப்பியா? உள்ளதைச் சொன்னா மாட்டைப் பாக்கவாவது வாரான்."

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. "மாடு எங்கீங்க கட்டியிருக்குது? நான் பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

"ரெண்டு ஜோடி அந்தா, புளியமரத்துக்கிட்ட."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். செல்லமுத்து சற்று நேரம் நுகத்தடியைப் பிடித்தபடி நின்றான். பிறகு மாட்டை அவிழ்த்து, முன்னால் வைக்கோலை அள்ளிப் போட்டான்.