ஒன்பது வீட்டு ஏரியல்

சாயங்காலம் ஆனால் போதும், குமுதா பூட்டிய ஒன்பது ஏரியலும் ஒன்றாகச் செத்துப்போகும். காலையில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். மத்தியானமும் பழுதில்லை. மலையிலிருந்து பனி இறங்கித் தேயிலைக்கு மேல் படிகிற நேரத்தில்தான் வினை. செய்தி வாசிக்கிறவரின் முகம் கட்டம் கட்டமாக உடையும், வாய் திறந்தபடியே நிற்கும், பிறகு திரை கறுத்துப்போகும்.

"பனிதான்," என்றது வரிசை வீட்டு லயம் முழுவதும்.

"பனி இல்லக்கா," என்றாள் குமுதா, பக்கத்து வீட்டு அம்சவல்லியிடம், எத்தனையாவது தடவையோ.

"பின்ன என்ன, பேயா? டிஷ் தட்டு வச்சிருந்தப்ப மழை வந்தாப் போச்சு. இப்ப மீன்முள்ளு மாதிரி ஏரியல் வச்சிருக்கோம், பனி வந்தாப் போகுது. நம்ம தலையெழுத்துலா."

குமுதாவுக்கு இப்படிப்பட்ட பேச்சு கோபத்தைத் தராது; விளக்கம் சொல்லும் ஆசையைத்தான் தரும். தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. சல்லடை இயந்திரம் எது நின்றாலும் மெக்கானிக் வருவதற்கு முன்னால் அவள் தலை அதற்குள் இருக்கும். "தட்டுக்கு வர்ற அலை இத்துணூண்டு," என்று கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள். "மழைத்துளி அதை வழி மறிச்சுரும். ஏரியலுக்கு வர்ற அலை ஒரு முழம் நீளம். பனித்துளி அதுக்கு முன்னாடி தூசிக்குச் சமானம். யானை நடக்குற பாதையில எறும்பு நின்னு மறிக்குமா?"

"எறும்பு மறிக்குதோ என்னவோ, என் நாடகம் நின்னுபோச்சு," என்றாள் அம்சவல்லி.

அதுதான் சங்கடம். மாதச் சந்தா கட்டும் தட்டை நிறுத்திவிடலாம், ஒரு டிகோடரும் ஒரு ஏரியலும் இருந்தால் சந்தா இல்லாமலே பார்க்கலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் குமுதா. தகரக் கூரையில் ஏறித் தன் கையாலேயே ஒன்பது ஏரியலையும் பூட்டியவளும் அவள்தான். பிரிஞ்சாங் மலை உச்சியில் நிற்கும் டிவி கோபுரத்தின் பக்கம் ஒவ்வொன்றையும் திருப்பி, அலை எவ்வளவு வருகிறது என்று காட்டும் டிகோடரின் அளவுத் திரையைப் பார்த்துப் பார்த்து இறுக்கியிருந்தாள். அந்தப் பேச்சு தோட்டத்தின் கீழ்டிவிஷன் வரை போய், அங்கிருந்தும் கூப்பிட்டிருந்தார்கள். இந்தச் சாயங்காலக் கறுப்புக்குப் பிறகு, "இப்ப வேணாம் குமுதா, பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டார்கள். பதினைந்து வருஷமாகச் சல்லடை பார்ப்பவளுக்கு, வேறொரு வேலைக்காக ஊர் தன்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

லயத்தில் பத்து வீடு. சரிவில் படிக்கட்டு மாதிரி மேலேறிப் போகும் வரிசை. உச்சியில் இருக்கும் பத்தாவது வீடு தங்கராஜுவுடையது. வேலையில் ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டித் தலைவர், பின்பக்கத்தில் முட்டைக்கோஸ் தோட்டம் போட்டு, பொழுது சாயும் வரை வீட்டைப் பூட்டிவிட்டு மனைவியோடு அங்கேயே இருப்பவர். அவர் மட்டும் குமுதாவைக் கூப்பிடவில்லை. கடையில் ஏரியல் வாங்கி, கூடவே அலையைப் பெருக்கும் பூஸ்டர் என்ற சிவப்புப் பெட்டியும் வாங்கி, தானே கம்பத்தில் கட்டிக்கொண்டார். அவர் வீட்டில் மட்டும் படம் எப்போதும் போனதில்லை.

"பூஸ்டர் இல்லாத ஏரியல் பல்லு இல்லாத வாய் மாதிரி," என்பார். "மெல்லும், விழுங்காது."

கடைசியில் லயம் அவர் பக்கம் சாய்ந்தது. கோயில் திருவிழா முடிந்த கையோடு அவர் பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய் ஒன்பது பூஸ்டர் வாங்கி வருவது என்று முடிவாயிற்று. போவது குமுதாவின் புருஷன் கோகிலனின் வேனில்.

"நான் என்ன பண்ண?" என்றான் கோகிலன். "கமிட்டி கேக்குது. முடியாதுன்னு சொன்னா, பொண்டாட்டிக்குப் பயந்தவம்பானுங்க."

"இல்லாட்டி மட்டும் சொல்லலியா?" என்றாள் குமுதா.

பூஸ்டர் வேண்டாம் என்பதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிகோடரின் அளவுத் திரையில் இரண்டு கோடு உண்டு. ஒன்று பலம், மற்றது தரம். பலம் என்பது காதில் எவ்வளவு சத்தம் விழுகிறது என்பது. தரம் என்பது அந்தச் சத்தத்தில் எத்தனை சொல் புரிகிறது என்பது. படம் செத்துப்போகும் நேரத்தில் பலம் குறையவில்லை, நிறைந்து நின்றது. தரம்தான் தரையில் கிடந்தது. அப்படியானால் கோபுரத்தின் குரல் மெலியவில்லை, பக்கத்தில் வேறு ஏதோ கத்துகிறது. பூஸ்டர் எல்லாக் குரலையும் சேர்த்துத்தான் உயர்த்தும். சந்தையில் ஒருவர் பேச்சு கேட்கவில்லை என்றால் சந்தை முழுவதற்கும் மைக் கொடுப்பது மாதிரி.

எது கத்துகிறது என்பதுதான் தெரியவில்லை. பழைய டிவியாக இருந்தால் திரையில் கோடு ஓடும், புள்ளி பறக்கும், நோய் என்ன என்று முகத்திலேயே எழுதியிருக்கும். டிஜிட்டல் அப்படி இல்லை. தாங்குகிற வரைக்கும் சிரித்த முகமாக இருக்கும், தாங்காவிட்டால் பொத்தென்று விழும், காரணம் சொல்லாது.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று குமுதா கோயிலுக்குப் போகக் கூடாத நாளாகப் போயிற்று. லயமே புதுப்புடவையும் வேட்டியுமாக இறங்கிப் போனது. இடிக்குப் பயந்து, வீட்டைப் பூட்டும் முன் பிளக்குகளைப் பிடுங்கிவிடுவது இங்கே எல்லாருக்கும் பழக்கம். பத்து வீட்டில் ஒன்பது வீடு மின்சாரமே இல்லாமல் கிடந்தது. குமுதா ஒரு தேநீரைப் போட்டுக்கொண்டு, நாடகம் பார்க்காமல் அளவுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தரம் தொண்ணூறுக்கு மேல்.

பூசை முடிந்து, அன்னதானம் முடிந்து, வெயில் பளிச்சென்று இருக்கும்போதே ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். மற்ற நாட்களில் லயம் வேலையிலிருந்து வீடு சேரும் நேரமும் பனி இறங்கும் நேரமும் ஒன்று. இன்று பனியை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் வந்தார்கள். குமுதா கதவைத் திறந்து வைத்து, ஒரு கண்ணை வாசலிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்தாள்.

முதல் வீடு திறந்தது. கோடு அசையவில்லை. இரண்டாவது வீட்டில் மிக்சி ஓடியது. அசையவில்லை. அம்சவல்லி வந்தாள், டிவியைப் போட்டாள், நாடகத்தின் அழுகைச் சத்தம் சுவர் தாண்டி வந்தது. அசையவில்லை. ஐந்து, ஆறு, எட்டு என்று ஒவ்வொரு வீடாக உயிர் பெற்றது. தொண்ணூறு தொண்ணூறாகவே நின்றது. கடைசியாக, கோயில் மைக் செட்டைக் கட்டி வைத்துவிட்டு, மனைவி நவமணியோடு தங்கராஜு மேலேறிப் போனார். பத்தாவது வீட்டின் ஜன்னல் திறந்தது. சற்று நேரத்தில் அங்கே டிவி பேசியது.

தரம் பதினொன்றுக்கு விழுந்தது. பலம் எகிறியது.

"ஐயோ, என் நாடகம்!" என்று அம்சவல்லி அலறிக்கொண்டு வெளியே வந்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு குமுதாவைப் பார்த்தாள். "வெயில் அடிக்குது. பனி எங்கடி?"

"பனி இல்லக்கா," என்றாள் குமுதா, ஒயர் கத்தியையும் இணைப்பையும் இடுப்பில் செருகிச் செருப்பை மாட்டியபடி. "வாங்க மேல."

தங்கராஜு வீட்டு வாசலில் கோகிலன் வேன் சாவியோடு நின்றிருந்தான். பூஸ்டர் விஷயமாக நாலைந்து பேர் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். குமுதா வாசலுக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றுகொண்டாள்.

"மாமா, இன்னிக்கு மைக் கத்தவே இல்லியாமே?"

தங்கராஜுவின் முகம் மலர்ந்தது. "எப்படிக் கத்தும்? ஸ்பீக்கரை நானில்ல திருப்பி வச்சேன். போன வருஷம் அந்தப் பயலுங்க மைக்குக்கு நேரா வச்சுட்டு, கீ…ன்னு, சாமியே காதைப் பொத்திக்கிச்சு."

"நேரா வச்சா ஏன் கத்துது?"

"ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் மைக்குக்குள்ள போகும். அதைப் பெருசாக்கி மறுபடியும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். அது திரும்ப மைக்குக்கு. சுத்திச் சுத்தி… ஏன் கேக்குற?"

"மைக்குக்குப் பதிலா ஏரியல். பெருசாக்குறது உங்க பூஸ்டர். உள்ள ஈரம் போயிருக்கும், இல்ல ஒயர் ஓரம் விட்டிருக்கும். அது போடுற சத்தம் அதோட ஏரியலுக்கே திரும்பப் போகுது. மனுசக் காதுக்குக் கேக்காத கீ. ஆனா லயத்துல இருக்குற ஒன்பது ஏரியலுக்கும் கேக்குது."

கூட்டம் தங்கராஜுவைப் பார்த்தது.

"அப்ப என் படம் மட்டும் ஏன் நல்லா இருக்கு? கச்சாவ் பண்ணி எல்லாத்தையும் கெடுக்குறது என் பூஸ்டர்னா, முதல்ல எனக்குல்ல போகணும்?"

"அங்க பாருங்க." குமுதா கை நீட்டினாள். தேயிலைக்கு மேலே, மலை உச்சியில், கோபுரம் ஊசி போல நின்றது. "லயத்துல உங்க வீட்டு வாசல்லேருந்து மட்டுந்தான் அது நேராத் தெரியும். எங்களுக்கெல்லாம் இந்த மேடு மறைக்குது, ஓரமா வழிஞ்சு வர்றதுதான் கெடைக்குது. கோபுரம் உங்க காதுக்குள்ளயே பேசுது மாமா, எந்தக் கீச்சும் அதை அமுக்க முடியாது. இந்த லயத்துல பூஸ்டரே தேவைப்படாத ஒரே வீடு உங்க வீடுதான்."

"ரொம்ப பாண்டாய்தான் நீ, பெரிய கெட்டிக்காரி. பிளக்கைப் புடுங்கி என் படம் போச்சுன்னா?"

"ஒன்பது ஏரியலையும் நானே இறக்கிடுறேன். கோகிலன் வேன்லயே போயி பூஸ்டர் வாங்கிக்குங்க. படம் போகலைன்னா பூஸ்டர் பேச்சை விடணும்."

கோகிலன் இருமினான். தங்கராஜு உள்ளே திரும்பி, "நவமணி, அந்தப் பூஸ்டர் பிளக்கைப் புடுங்கு," என்றார்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கீழே எங்கோ ஒரு வீட்டிலிருந்து கத்தினார்கள்: "வந்துருச்சு!" அடுத்த வீட்டிலிருந்து: "இங்கயும்!" அம்சவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் நவமணியின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"இங்க போயிருச்சுங்க."

தங்கராஜு சிரித்தார். சத்தம் போடாமல், நிதானமாகச் சிரித்தார். "கோகிலா, ஏணியை எடுத்துட்டு வா. பொண்டாட்டி ஏரியல் இறக்கணுமாம்."

குமுதா திரும்பி மலையைப் பார்த்தாள். கோபுரம் கண்ணெதிரே நிற்கிறது. படம் போகக் காரணமே இல்லை. அவள் கண் கம்பத்தில் ஏறியது. ஏரியல், அதிலிருந்து ஒயர், ஒயரின் நடுவே சிவப்புப் பெட்டி. அங்கேயே நின்றது.

"ஏணி வேணும்தான்," என்றாள். "உங்க கூரைக்கு. பூஸ்டருக்கு கரண்ட் இல்லன்னா அது சும்மா கெடக்காது மாமா, பூட்டின கதவு மாதிரி ஆயிடும். ஏரியல்லேருந்து வர்றதை உள்ள விடாது. பிளக்கைப் புடுங்கினாப் பத்தாது, கதவையே எடுக்கணும். அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

"அதெல்லாம் நாளைக்கு. கோயில்லேருந்து வந்திருக்கோம், இன்னிக்கு நீ என் வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"உள்ள யாரு வந்தா? மேலதான போறேன். கூரை வீட்டுக்குள்ள சேராது."

கூட்டம் சிரித்தது. நவமணி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏறட்டும் விடுங்க, எனக்குப் படம் வேணும்," என்றாள். கோகிலன் ஏணியைக் கொண்டு வந்து சாத்தினான்.

குமுதா ஏறினாள். தகரம் வெயிலில் சுட்டது. சிவப்புப் பெட்டியின் மூடி விரிந்திருந்தது. திறந்தால் உள்ளே தண்ணீரும் பச்சைப் பாசியும். கட்டியிருந்த ஒயரின் வெளிவலை அரித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த வலைதான் உள்ளே ஓடுவதை வெளியே கசிய விடாமல் காக்கும் வேலி. வேலி போனதும் பூஸ்டரின் சத்தம் ஊருக்கெல்லாம் போயிருக்கிறது. அழுகிய முனையை வெட்டி, புது முனை சீவி, பாவாடை இடுப்பில் செருகியிருந்த ஒயர் இணைப்பை எடுத்து, ஏரியலையும் வீட்டுக்குப் போகும் ஒயரையும் நேருக்கு நேர் பூட்டி இறுக்கினாள்.

"அத்தை, பாருங்க!"

தங்கராஜு தலையை அண்ணாந்து நின்றார்.

"அத்தை!"

"இரு இரு," என்றது நவமணியின் குரல். "வந்துருச்சு. முன்னாடி வராத ஒரு சேனலும் வருது. ஏங்க, இது இத்தனை நாளா எங்க போயிருந்துச்சு?"

தங்கராஜு உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் தொலைபேசி. கூட்டத்தைப் பார்த்து, "யாரும் பூஸ்டர் வாங்கக் கூடாது. நான் சொல்றேன்," என்றார், பூஸ்டரைக் கண்டுபிடித்து ஒழித்ததே தான்தான் என்கிற குரலில். "எவனாவது வாங்கினா கமிட்டி பேசும்." கோகிலன் வேன் சாவியைப் பையில் போட்டான்.

பிறகு அவர் கீழ்டிவிஷனுக்குப் போன் போட்டார். "அலோ, முனியாண்டியா? ஏரியல் விஷயம். ஆமா, எங்க குமுதாதான். பனியாவது மண்ணாவது, அதெல்லாம் சும்மா. அலை ஒரு முழம் நீளம்டா, தெரியுமா உனக்கு? அடுத்த ஞாயிறு அது அங்க வரும். ஏணி மட்டும் தயாரா வை." போனை மடித்தார். "குமுதா, சொல்லிட்டேன். இறங்கி வா."

"இருங்க மாமா."

அவள் கூரை முகட்டில் உட்கார்ந்து கீழ்ப்பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்து கீழ்டிவிஷன் லயங்கள் முழுவதும் தெரிந்தன. மலை மறைப்பில், நல்ல ஆழத்தில் இருந்தன. கோபுரத்தின் நிழல் கூட அங்கே விழாது. ஆனால் அவற்றுக்கு எதிரே, சரிவில், கோபுரத்தின் பார்வை படும் உயரத்தில், தொழிற்சாலையின் நீண்ட தகரச் சுவர் வெயிலை வாங்கி மினுங்கியது. வெளிச்சத்தைத் திருப்பித் தரும் சுவர் அலையையும் திருப்பித் தரும். அப்படியானால் அங்கே ஏரியலைக் கோபுரத்தின் பக்கம் திருப்பினால் ஒன்றும் கிடைக்காது. கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, தொழிற்சாலையைப் பார்த்து நிறுத்த வேண்டும். அதைக் கீழ்டிவிஷன்காரர்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

"என்னடி அங்கயே குடும்பம் நடத்தப் போறியா?" என்று கீழேயிருந்து அம்சவல்லி கூப்பிட்டாள்.

"வரேன்க்கா," என்றாள் குமுதா, எந்த வீட்டில் முதலில் ஏறலாம் என்று பார்த்தபடி.