கடைசி வரிசையில் அம்மா

...கர்ப்பப்பை என்று இந்தப் பெண்பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுச் சொல்லியாயிற்று, கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை, ஆராதனை முடிந்த கூடத்தில் மின்விசிறி அதே கடகடப்போடுதான் சுற்றுகிறது, "பார்த்துப் பக்குவமா சொல்லுங்க சிஸ்டர், சபையில நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று போதகர் காலையிலேயே காதில் போட்டு வைத்திருந்தார், நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலும் இவள் சிஸ்டர், சபையிலும் சிஸ்டர், அக்காவுக்கு மட்டும்தான் தங்கச்சியாக இருந்தாள்... இந்தப் பிள்ளைகளைப் போலத்தான் அக்காவும், சிரிப்பு வந்தால் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வாள், அந்த வயதில்தானே போனாள். சுவரோரம் பிள்ளைகளின் தாய்மார்கள், கடைசி வரிசையில் தன் அம்மா, வீட்டுக்குப் போம்மா என்று சொல்லியும் அசையவில்லை, ஏன் உட்கார்ந்திருக்கிறாள்? அக்கா எப்படிச் செத்தாள் என்று யார் கேட்டாலும் விஷக்காய்ச்சல் என்றே சொன்னவள், காய்ச்சலில் செத்தவளின் மெத்தையை ஏன் எரித்தாய் என்று இவள் கேட்டதே இல்லை, அன்று ராத்திரி சாத்திய கதவுக்கு உள்ளே அக்காவின் முனகல், அம்மாவின் அதட்டல், "சத்தம் போடாதடி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்", பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை, இவளுக்குத்தான் இன்னும் கேட்கிறது, பிரசவ வார்டில் யார் முனகினாலும் அக்காவின் குரல்...

"தெரியாம ஏதாவது ஆயிடுச்சுன்னா யார்கிட்ட சிஸ்டர் சொல்றது?" கண்ணாடி போட்ட பெண் கேட்டாள், தாய்மார்கள் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன, அம்மாகிட்ட என்ற பதில் தொண்டைவரை வந்து நின்றது, அக்கா அம்மாவிடம்தானே சொன்னாள், கருவைக் கலைக்க எவனோ கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு... "திட்டுறதை அப்புறம் வச்சுக்கிட்டு, முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறவங்ககிட்ட" என்றாள்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள், பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு. "ரத்தம் நிக்கலேன்னா... விடியட்டும்னு பார்க்கலாமா?"

என்ன சொல்வது, சில பேருக்கு என்ன செய்தாலும் நிற்காதும்மா என்று ஒரு பொய், ஒரே ஒரு பொய், அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடுவாள், ஆனால் எதிரே இத்தனை பிள்ளைகள், இத்தனை கண்கள்... "கூடாதும்மா. அந்த நிமிஷமே கிளம்பணும். கொண்டுபோனா காப்பாத்திடலாம்."

அம்மா தலையாட்டினாள், அழவில்லை, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். மானத்துக்குப் பயந்துதான் கதவைச் சாத்தினாள் என்று இத்தனை வருஷமும் இவள் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாளே, அம்மாவுக்கும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லையோ, இல்லை, பதில் தெரிந்தேதான், இந்தப் பிள்ளைகள் காதில் விழட்டும் என்றுதான் கேட்டாளோ...