நமுத்துப் போகாதவள்

பாண்டிமீனா திரி வைத்த வெடி எதுவும் அந்தச் சித்திரையிலிருந்து வெடிக்கவில்லை. மருந்தில் குறை என்று முதலில் நினைத்தார்கள். மருந்தை மாற்றினார்கள், திரியை மாற்றினார்கள், வெயிலில் மறுபடி காயப்போட்டார்கள். பக்கத்தில் இருப்பவள் வைத்தால் வெடித்தது. பாண்டிமீனா வைத்தால் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு அணைந்தது. வயிற்றில் இருந்தது கலைந்து, அவள் வேலைக்குத் திரும்பிய வாரம் அது. பிறகு, மகனைப் பறிகொடுத்த ஒருத்தி திரி வைத்து அடுக்கிய வெடித்தட்டும் புருஷனிடம் அடிவாங்கி வந்த ஒருத்தியின் தட்டும் நமுத்துப் போயின. மனசு நொந்தவர் கைபட்டால் வெடி பற்றாது என்பது, மழை வந்தால் வேலை கிடையாது என்பதைப் போல, பயராபீஸ் என்று அவர்கள் சொல்லும் சாத்தூர்ப் பக்கத்து அந்தப் பட்டாசுக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்று.

முதலாளி நவநீதகிருஷ்ணன் சீசன் ஆர்டரை நினைத்துப் பயந்தார். மனநலம் படித்த ஹஸ்னா என்ற பெண்ணை விருதுநகரிலிருந்து வரவழைத்து வேலைக்கு வைத்தார். வேப்பமரத்தை ஒட்டி ஓர் அறை, அதில் ஒரு கட்டில், மின்விசிறி, சுக்குக் காப்பி. வெடி நமுத்தவர்கள் மத்தியானத்துக்கு மேல் அங்கே போய்ப் பேசலாம், பேசாமல் படுத்தும் கிடக்கலாம். சாயங்காலம் போர்மேன் இருளாண்டி தட்டுக்கு ஒரு வெடியைப் பொட்டலில் வைத்துப் பற்றவைப்பார். வெடித்தால் ஆள் சுகம், நாளை முழுநாள் வேலை.

சின்னத்தாயின் வெடி எப்போதும் வெடித்தது. பாண்டிமீனாவுக்கு அண்ணன் பெண்டாட்டி அவள். மகள் ஆர்த்தி, கூடப் படித்தவனோடு திருப்பூருக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அந்தப் பேரை வீட்டில் எடுக்கக்கூடாதென்று புருஷன் சொன்னார், யாரும் எடுக்கவில்லை. சின்னத்தாய் சோறாக்கினாள், கம்பெனி வேன் ஏறினாள், திரி வைத்தாள். அவள் வெடிச் சத்தத்துக்குப் பொட்டல் நாய்கள் ஓடைவரை ஓடின. ஒனக்கென்ன தாயி, கல்லு மாதிரி இருக்க என்று இருளாண்டி மெச்சிக்கொண்டார்.

அவள் இருந்த ஷெட்டின் ஜன்னலுக்கு நேரே அந்த அறை. நாத்தனார் ஒருக்களித்துப் படுத்திருப்பதும், ஹஸ்னா அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிடுவதும் தெரியும். பார்க்கப் பார்க்கச் சின்னத்தாய்க்கு வயிறு எரிந்தது. பிள்ளை போனவளைப் பார்த்தா பொறாமை என்று தன்னையே வைதாள். வைத பிறகும் எரிந்தது. வேனில் மீனா லேசாகச் சிரித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்து போய், என் வெடி நமுத்துப் போகணும் தாயே என்று வேண்டிக்கொண்டாள். திரும்பி வந்து, மகளை நினைத்துக் கண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே திரி வைத்தாள். அன்றைய வெடியில் வாட்ச்மேன் கொட்டகையின் ஓடுகள் உதிர்ந்தன.

புரட்டாசியில் ஒருநாள், எல்லோரும் சாப்பிடப் போனபோது, தன் தட்டையும் மீனாவின் தட்டையும் மாற்றி வைத்தாள். சாயங்காலம் மீனாவின் வெடி காது அடைக்க வெடித்தது, பெண்கள் கைதட்டினார்கள். சின்னத்தாயின் வெடி உஸ்ஸென்றது. மறுநாள் மீனா முழுநாள் வேலைக்குப் போனாள், சின்னத்தாய் கட்டிலுக்கு வந்தாள். ஆசைப்பட்ட கட்டில் முதுகில் குத்தியது. ஹஸ்னா என்ன கேட்டும் சுவரையே பார்த்துக் கிடந்தாள். அந்தப் பக்கம் திரும்பியபோது ஜன்னல் வழியே மீனா தெரிந்தாள். ஒரு திரியை எடுத்தவள், அப்படியே சரிந்து விழுந்தாள்.

சின்னத்தாய்தான் ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். கட்டிலில் கிடத்தித் தண்ணீர் தெளித்து, மீனா கண் திறந்ததும், "தட்ட மாத்துனது நாந்தான்" என்றாள்.

"தெரியும் மதினி. நான் வச்ச திரி எனக்குத் தெரியாதா?" என்றாள் மீனா. "ஆர்த்தி போனதுலேர்ந்து ஒங்கள ஒருத்தரும் கேக்கல. அண்ணனுக்குப் பயந்து நானும் கேக்கல. ஒருநாளாவது மதினி இங்கன படுத்துக் கெடக்கட்டும்னுதான் வாயத் தொறக்கல." எழுந்து உட்கார்ந்து, "எப்படி இருக்கீக மதினி?" என்றாள்.

சின்னத்தாய் மகள் பேரைச் சொன்னாள். சொல்லத் தொடங்கியவள், வேன் ஹாரன் அடித்தும் நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து அவள் வெடியும் பற்றவில்லை. இருளாண்டி திரும்பத் திரும்பப் பற்றவைத்துப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

ஹஸ்னா முதலாளியிடம் போய், வெடியை வைத்து ஆளை எடை போடுவது இதோடு போதும், சத்தமாக வெடிப்பவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றாள். லோடு குறையுமே என்று அவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு, வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் எல்லோருக்கும் முறைவைத்து அந்த அறை என்று ஆனது. சின்னத்தாய்க்குப் பொறாமை முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. மீனாவின் டம்ளரில் காப்பி கூடுதலா என்று இன்றைக்கும் எட்டிப் பார்க்கிறாள். மீனாவும் டம்ளரைச் சாய்த்துக் காட்டுகிறாள்.

அந்தத் தீபாவளிக்குப் போன லோடுகளில் மதினி, நாத்தனார் இரண்டு பேர் சரக்கும் கலந்திருந்தது. சரக்கோடு சேதியும் போயிருந்ததால் கம்பெனிக்கு ஒரு புகாரும் வரவில்லை. ஊர் ஊராக, பெட்டிக்கு ஒன்றிரண்டு உஸ்ஸென்று அணைந்தன. ஜனங்கள் அவற்றை மறுபடி பற்றவைக்காமல் வாளித் தண்ணீரில் போட்டு, செஞ்சவளுக்கு மனசு சரியில்ல போல என்று சொல்லிவிட்டு, அடுத்த வெடியை எடுத்தார்கள்.