ட்ரம்முக்குள் ட்ரம்

என் வீட்டுக்காரரிடம் "இது உங்களால் ஆகாது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சோறு தண்ணீர் மறந்து அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார். இந்தக் குளிரில் அப்படிச் சொல்லித் தொலைத்தது நான்தான்.

குறைமாதத்தில் பிறந்தவள் எங்கள் மகள். ஆஸ்பத்திரியில் எங்களை அனுப்பும்போது, அறை சூடாகவே இருக்கவேண்டும், குழந்தை உடம்பு சில்லிடக் கூடாது என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் கட்டடம் முழுக்க அறைகளைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாய்கள் செத்துக் கிடந்தன. என் தம்பி அவன் வீட்டு ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நல்ல பிள்ளை. ஆனால் அதைப் பார்த்ததும் இவர் முகம் சுருங்கிவிட்டது. கம்பி சிவந்து எரிகிற ஹீட்டர் காற்றைக் காயவைக்குமாம், குழந்தைக்கு மூக்கு அடைக்குமாம். அதெல்லாம் சும்மா. தகடு அடிக்கிற பட்டறையில் இத்தனை வருஷம் இருந்தவர் வீட்டில் மச்சான் கொடுத்த சூட்டில் பிள்ளை கிடப்பதா என்கிற ரோஷம்தான். தானே ஒரு சூட்டு மெஷின் செய்துவிடுவதாகச் சொன்னார், இது உங்களால் ஆகாது என்று நான் சொல்லித் தொலைத்தேன்.

பால்கனியை அடைத்துக்கொண்டு வேலை ஆரம்பமானது. பெரிய ட்ரம்முக்குள் சின்ன ட்ரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு காசு நுழைகிற இடைவெளி, அதில் எண்ணெய். பழைய சலவை மெஷின் மோட்டாரில் உள் ட்ரம் சுற்றும். எண்ணெய் உரசி உரசிக் கொதிக்கும், மேலே ஒரு ஃபேன் அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளும். நெருப்பும் இல்லை, கம்பியும் இல்லை என்று என்னவோ உலகத்திலேயே இல்லாததைக் கண்டுபிடித்த மாதிரி விளக்கினார். மோட்டார் தின்கிற கரண்டை நேராக ஹீட்டருக்கே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். நான் கேட்டது அவருக்கு எட்டவில்லை.

அதுதான் எங்கள் வீட்டுச் சங்கதி. பட்டறைச் சத்தம் அவர் காதை அரித்துவிட்டது. ஆண்கள் பேசினால் ஓரளவு பிடிபடும். என் குரல், காலிங் பெல், கொதிக்கிற கெட்டில், இதெல்லாம் போயே போச்சு. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊரில் எல்லாரும் முணுமுணுக்கிறார்களாம். நாங்களும் அவர் மனசு நோகக் கூடாதென்று கத்திக் கத்திப் பேசி, அவர் தப்பாகப் புரிந்துகொண்டால் பேச்சையே அதற்கேற்ற மாதிரி வளைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம்.

முதல் தடவை ஓட்டியபோது எண்ணெய் அடியில் ஒழுகி பால்கனி முழுக்க வழுக்கியது. பச்சை உடம்புக்காரி, சுவரைப் பிடிக்காமல் இருந்திருந்தால் இடுப்பு போயிருக்கும். வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். அவர் பாட்டுக்கு ரப்பர் வெட்டி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை ஒழுகவில்லை. கொஞ்ச நேரத்தில் ட்ரம்மில் கை வைக்க முடியவில்லை, ஃபேன் வழியாகச் சூடு சுகமாக வந்தது. பொய் சொல்வானேன், எனக்கே பெருமையாக இருந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மோட்டார் இரைச்சலுக்கு அடியில், தண்டு சுற்றுகிற பக்கம், பல் கூசுகிற மாதிரி மெல்லிசாக ஒரு கிறீச்சல். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். தண்டைத் தாங்குகிற பேரிங் கத்துகிறது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஆரம்பத்திலிருந்தே எனக்கு இதில் இஷ்டமில்லை, அதனால்தான் குறை சொல்கிறேன் என்றார். பிறகு, பார்க்க வந்திருந்த என் தம்பி பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீ சொல்லு. ஏதாவது கேக்குதா?"

தம்பி என்னைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணும் கேக்கல மாமா" என்றான்.

அவனுக்கு இரக்கம். அந்த இரக்கத்தில் இடி விழ! இவருக்கு ஒத்து ஊதி ஒத்து ஊதியே நாங்கள் இந்த நிலைமைக்கு வந்தோம். அதுவரை குழந்தையின் அறையில் எரிந்துகொண்டிருந்த தம்பியின் ஹீட்டரை அவர் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, சூடு ஆறியதும் இரண்டு பேருமாக ட்ரம்மைத் தூக்கிக் குழந்தையின் அறைக்குள் கொண்டுபோனார்கள். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து ஓடவிட்டார். பேரிங் இறுகி ட்ரம் உடைந்தால் கொதிக்கிற எண்ணெய் தொட்டில்மேல்தான் தெறிக்கும். நான் தொட்டிலிலிருந்து பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் வீல் வீலென்று கத்தினாள். முகம் என் கழுத்தில் புதைந்திருந்தது.

அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? இங்க கொண்டுவந்ததும் எவ்வளவு சமத்தா படுத்திருக்கா. பொறந்ததுலேர்ந்தே இவ அழுறதே இல்ல."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்குத் திட்டக்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

பிள்ளையைத் தம்பி கையில் கொடுத்துக் கூடத்துக்கு அனுப்பினேன். பட்டறை ஆட்கள் மெஷினுக்குள் என்ன கோளாறு என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங்கில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார்கள். கல்யாணமான புதிதில் எங்கள் சலவை மெஷினுக்கு அவர் அப்படிச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் செய்வதில்லை. அதே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினேன். சலித்துக்கொண்டே வாங்கிக் காதில் வைத்தார். ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்.

"காதுல வேண்டாம்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "பல்லுல கடிங்க."

என்னை முறைத்தார். பிறகு குனிந்து, மரப்பிடியைக் கடித்துக்கொண்டு நுனியைப் பேரிங்கில் ஊன்றினார். ஊன்றியவர் அப்படியே இருந்தார். பேரிங்கின் உதறல் பல் வழியாக ஏறித் தாடை நடுங்கியது. எட்டி சுவிட்சை அணைத்துவிட்டார். சூடு தணியும்வரை காத்திருந்து தண்டைக் கழற்றினார். பேரிங் உருண்டைகளில் ஒன்று உடைந்து, வளையம் பாதி அரைபட்டுப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் அவ்வளவுதான். அது அவருக்கே தெரிந்தது.

எண்ணெய்க் கையோடு தரையில் உட்கார்ந்தார். இது உங்கள் எல்லாருக்கும் கேட்டதா என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்காகத் தம்பியைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பாப்பா?" என்றார். "அவ அழுவாளா?"

இத்தனை நாள் வளைத்து வளைத்துப் பேசிய நாக்கு, இந்த ஒரு தடவை வளைய மறுத்தது. "அழுவா. இப்பவும் அழுதுக்கிட்டுதான் இருக்கா."

எழுந்து போய்க் கைகழுவிவிட்டு, தம்பி கொடுத்த ஹீட்டரை அவரே தொட்டில் பக்கம் வைத்து சுவிட்சைப் போட்டார். அப்புறம் தம்பியிடமிருந்து பிள்ளையை வாங்கினார். ஓடுகிற மோட்டாரின் மேல் வைக்கிற மாதிரி, உள்ளங்கையை விரித்து அவள் முதுகில் வைத்தார். அழுகை நிற்கும்வரை எடுக்கவில்லை.