மெயினைப் போட்ட கை

புயல் போய் மூன்றாம் நாள். மாங்காட்டில் எங்கள் தெருவுக்கு மட்டும் கரண்ட் வரவில்லை. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. ஐயப்பன்தாங்கலுக்குப் போய் வாடகைக்கு ஒரு சின்ன ஜெனரேட்டரைத் தூக்கிவந்தேன்.

எலக்ட்ரீஷியன் யூசுப் பார்த்ததுமே கையை விரித்தார். "சேஞ்ச் ஓவர் சுச்சு இல்லாம நான் கனெக்ஷன் குடுக்க மாட்டேன் சார். ஒண்ணு ஈபி, இல்லன்னா ஜெனரேட்டரு. ரெண்டும் ஒண்ணு சேந்தா உன் ஊட்டு கரண்ட்டு கம்பத்துக்குப் பூடும்."

"மெயினை ஆஃப் பண்ணிட்டா முடிஞ்சது. நானும் இன்ஜினியர்தான்" என்றேன். கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று சொல்லவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மெயினை அணைத்தேன். ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைச் சமையலறை பாயிண்ட்டிலும் செருகினேன். ஃபேன் சுற்றியது. என் மனைவி ரேணுகா கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

பதினோரு மணிக்கு லைன்மேன் அப்பாவு வந்தார். ஏறாமல் கீழேயே நின்று, ஒரு வயரின் முனையில் இருந்த இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, மறுமுனையைக் கொக்கி வைத்த நீளக் கழியால் மேலே ஓடும் கம்பிகளில் எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணு நாளா ஆளக் காணோம். வந்தும் மண்ணைக் குத்திட்டு நிக்கறீங்க. அதெல்லாம் வேணாம், சீக்கிரம் ஏறுங்கண்ணே!"

"அஞ்சு நிமிசம் சார். ஊட்ல ஜெனரேட்டர் ஓடுதே, மெயின் ஆஃப்லதான கீது?"

"ஆஃப்தான், போங்க."

அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் அவர் ஏறினார். நான் உள்ளே போனேன். கரண்ட் போனால் மெயினை அணைத்துவைப்பதும், கம்பத்தில் ஆள் ஏறினால் அதைப் போட்டுப் பார்ப்பதும் எங்கள் வீட்டுப் பழக்கம். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததே தெரியாது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கை தானாகப் போய் மெயினைப் போட்டது.

பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமி நின்றது. தெருவில் படீரென்று ஒரு சத்தம். "ஐயோ!" என்று யாரோ அலறினார்கள்.

கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மெயினை இழுத்து அணைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அப்பாவு மேலே இருந்தார். உயிரோடு இருந்தார். மெல்ல இறங்கி என் எதிரில் வந்து நின்றார்.

"வேணாம்னு கத்துனியே சார், அந்த எர்த்து வயரு. உன் ஊட்டு கரண்ட்ட மண்ணுக்கு இழுத்துகிச்சு. அதாலதான் இப்போ உன்னாண்ட நின்னு பேசிகினு கீறேன்."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்புடு வேணாம். உன் ஜெனரேட்டரு ஒயர புடுங்கி எட்தாந்து இங்க என் கண்ணெதிர்ல நில்லு. நான் எறங்குற வரிக்கும் உள்ள போவாத."

வயரைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பத்தடியில் நின்றேன். அவர் மறுபடி ஏறி வேலையை முடித்து, இறங்கி எர்த் வயரைக் கழற்றி, தன் சாமான் பெட்டியைப் பூட்டும் வரை நின்றேன். பன்னிரண்டரைக்குக் கரண்ட் வந்தது. மெயினைப் போடச் சொல்லி ரேணுகா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நீயே போட்டுக்கொள் என்றேன்.