நஸீம் சேர் வீட்டுக் கதவுக்கு ரிப்பன் வெட்டிய கதை

நஸீம் சேர் வீட்டு மதிலில் பதித்திருந்த கருங்கல் பலகையை முழுதாக வாசிக்க வேண்டுமென்றால் சைக்கிளை விட்டு இறங்கத்தான் வேண்டும். 'கல்விச்சுடர், சமூகத் திலகம், தேச ஒளி, அல்ஹாஜ் எம்.ஐ. நஸீம் ஜே.பி., ஓய்வுபெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர்' என்று ஆறு வரி. அந்த ஆறு வரியில் வீடு யாருடையது என்பது மட்டும் இல்லை.

வீடு கமீலாவுடையது. கல்முனைப் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து குடியேறுவார். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னர் நஸீம் சேரும் அப்படித்தான் வந்தார், அதுவும் இரவல் சூட்கேசோடு. பக்கத்து வளவு கமீலாவின் தங்கச்சி முனவ்வறாவுக்குக் கிடைத்தது. இரண்டு வளவுக்கும் நடுவில் மதில் எழுப்பியபோது, சட்டியும் பானையும் கதையும் போய்வரட்டும் என்று அவர்களுடைய வாப்பா ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்.

அந்த இடைவெளியை இப்போது முனவ்வறா தன் பக்கத்திலிருந்து தகரம் வைத்து அடைத்திருந்தாள். அடைத்தது நியாயம்தான்.

பங்குனி மாதம் நஸீம் சேருக்கு 'தேச ஒளி' கொடுத்தார்கள். பட்டத்தோடு ஒரு பொன்னாடையும், பொற்பதக்கமும். பொன் என்பது பெயரில்தான். பதக்கத்தைத் தொட்ட விரலில் மூன்று நாளைக்கு மஞ்சள் போகாது. அதைப் பார்ப்பதற்கென்று மறுநாள் எட்டுப் பேரைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சாப்பிட்டு முடிந்து, 'இப்போது பார்க்கலாம்' என்று அலுமாரியைத் திறந்தால் பதக்கம் இல்லை. வீட்டில் வெளி ஆள் யார்? முனவ்வறா. காலையிலிருந்து ராத்தா கமீலாவுக்கு ஒத்தாசையாக நின்று வட்டிலப்பம் அவித்தவள்.

எட்டுப் பேருக்கும் முன்னால் அவளுடைய கைப்பையை வாங்கி, சாப்பாட்டு மேசையில் தலைகீழாகக் கொட்டினார் நஸீம் சேர். ஒரு பனடோல் அட்டை, பஸ் டிக்கட், தஸ்பீஹ் மணி, மகள் நிப்லாவின் பாஸ்போட் சைஸ் படம் இரண்டு. பதக்கம் இல்லை. "கையில இல்லாட்டி வீட்டுல இரிக்கும்" என்று தீர்ப்பும் சொன்னார். ஜே.பி., சமாதான நீதவான் அல்லவா.

அந்த எட்டுப் பேரில் பாலமுனை மீராமுகைதீன் ஹாஜியாரும் ஒருவர். தன் மகனுக்கு நிப்லாவைக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு பாலமுனையிலிருந்து ஒரு டெலிபோன் கோலும் வரவில்லை.

ஒன்பதாம் நாள், சேரின் கோட்டை லோண்டரிக்குப் போட எடுத்தாள் கமீலா. உள் பொக்கட்டுக்குள் பதக்கம் சுகமாகப் படுத்திருந்தது. கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தாள்.

நஸீம் சேர் அதைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"சரி, கிடைச்சிட்டுத்தானே. வெய்யி உள்ளுக்கு."

"முனவ்வறாட்டச் சொல்லணும். அந்த எட்டுப் பேருக்கும் சொல்லணும்."

"உனக்கென்ன விசரா? இப்ப போய்ச் சொன்னா என்ட மரியாத என்னாகிற?"

கமீலா ஒன்றும் பேசவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவள் பேசாமல் இருந்த நாட்கள் எத்தனையோ. ஆனால் அன்றைய பேசாமை வேறு சாதி. அதற்குப் பல் இருந்தது.

பொய் சும்மா கிடந்தால் வாடிவிடும், அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் அல்லவா? அடுத்த வெள்ளி, ஜும்மா முடிந்து வாசலில் நின்ற கூட்டத்தில் நஸீம் சேர் அறிவித்தார்: "இனி என்ட வீட்டுல களவு நடக்கா. மூணு கதவுக்கும் ஸ்மார்ட் லொக் போடப்போறன். விரல வெச்சாத்தான் தொறக்கும்."

இதைக் கேள்விப்பட்ட கமீலா அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு மீன் தலையை வைத்தாள். அவருக்கு விருப்பமான துண்டு.

"நல்ல யோசினதான். நான் விசாரிக்கட்டா?"

"விசாரிக்கிற வேலயெல்லாம் நீ பாரு. முடிவ நான் எடுப்பன்."

ஒரு கிழமை முழுக்கக் கமீலா போனும் கையுமாக இருந்தாள். கதவுப் பூட்டைப் பற்றி உலகத்தில் எத்தனை பேர் வீடியோ போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கே ஆச்சரியம். விரலில் திறப்பது, இலக்கத்தில் திறப்பது, அட்டையில் திறப்பது, முகத்தைப் பார்த்துத் திறப்பது. அவளுக்கு வேண்டிய பூட்டு எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. திறக்காமல் இருக்கத் தெரிந்த பூட்டு.

காரைதீவிலிருந்து பவிதரன் வந்தான். ஊருக்கெல்லாம் கெமரா பொருத்துகிறவன், நாற்பது வயது, வாயை விட ஸ்குரூ டிரைவர் அதிகம் பேசும். நான்கு பெட்டிகளை மேசையில் பரப்பினான். அதே மேசை.

"அக்கா, இது கடலுக்குக் கிட்டத்து வீடு. உப்புக் காத்துக்கு மலிவுச் சாமான் ஆறு மாசத்தில பச்ச பிடிச்சிரும். இந்தக் கறுப்புதான் நல்லம். உள்தாழ் முழுக்க ஸ்டெயின்லஸ். மாரி மழைக்குக் கதவு ஊதினாலும் மோட்டர் இழுக்கும். பின்கதவு மட்டும் கொஞ்சம் சீவ வேணும்."

"கரண்ட் போனா?"

"பெட்டரியில ஓடும். கிட்டத்தட்ட ஆறேழு மாசம் தாங்கும். வெளிய பெல்லும் கெமராவும் ஸ்பீக்கரும் சேர்த்தே இரிக்கு. உள்ள இருந்து கதைக்கலாம்."

"ஆள்ற விரலச் சேக்கலாம், சரி. எடுக்கவும் ஏலுமா? கதவடிக்குப் போகாம, குசினியில அடுப்புக்கிட்ட நிண்டு?"

"கொழும்பில நிண்டும் எடுக்கலாம் அக்கா."

"கொழும்பு தேவல்ல. குசினி காணும், அது போதும்."

பவிதரன் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தான். பிறகு பெட்டியைத் திறக்கும் வேலையில் மும்முரமானான். புத்திசாலி.

நஸீம் சேர் வந்தார். உப்புக் காற்று, உள்தாழ், மோட்டர் எதையும் கேட்கவில்லை. நான்கையும் தூரத்தில் நின்று, ஆசிரியர் இடமாற்றப் பட்டியலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுல தங்க நிறம் இல்லயா?"

கறுப்பில் இருந்த அதே மாதிரியில் தங்க நிறமும் உண்டென்றான் பவிதரன். முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

"மூணு கதவுக்கும் அதையே போடுங்க. பின்கதவுக்கு ஒண்டு, முன்கதவுக்கு ஒண்டு எண்டு தராதரம் பாக்கிற ஆளில்ல நான்."

"அவசரத்துக்கு மூண்டு திறப்பும் வரும் சேர். ஒண்ட நீங்க வெச்சிருங்க."

"தொறப்புக் கொத்தத் தூக்கிட்டுத் திரிய நான் என்ன ஸ்டோர் கீப்பரா? அவட கையில குடுங்க."

மூன்று சாவியும் கமீலாவின் கைக்கு வந்தன.

"மற்றது சேர், பொறுப்பாளா ஒராள் வேணும். அவர்ட போனிலதான் எல்லாம். கதவு திறக்கிற நேரமெல்லாம் அவருக்கு மெசேஜ் வரும். ஆளச் சேர்க்கிறது, எடுக்கிறது எல்லாம்..."

"நில்லுங்க, நில்லுங்க. கதவு தொறக்கிற நேரமெல்லாம் எனக்கு மெசேஜ் வருமா? மீட்டிங்கில இரிக்கக்குள்ள பால்காரன் வந்தான், பூன போனான் எண்டு? பவிதரன், நான் இருபத்தாறு பாடசாலைக்குப் பொறுப்பா இருந்தவன். வாச்சர் வேல எனக்குத் தரப் பாக்கிறீங்களே. கமீலாட போனில போடுங்க. கதவு தொறக்கிறது பொம்பிளைகள்ற வேலதானே."

பவிதரன் கமீலாவின் போனில் போட்டான். கடைசி வரியைக்கூட விளக்கிச் சொல்ல முயன்றான் பாவம். "சேர், பிறகு மாத்திறதெண்டா அக்காட போனாலதான் மாத்தலாம்."

"அதெல்லாம் டெக்னிக்கல். விடுங்க."

நஸீம் சேரின் பெருவிரல் மூன்று கதவிலும் பதியப்பட்டது. வைத்தவுடன் பச்சை விளக்கு. அன்று மட்டும் இருபது தடவை வெளியே போய் இருபது தடவை உள்ளே வந்தார்.

"இத நாலு பேருக்குக் காட்டணுமே" என்றார் சாப்பிடும்போது.

"எட்டுப் பேருக்குக் காட்டுங்க" என்றாள் கமீலா. "அண்டைக்கு வந்த அதே எட்டுப் பேரையும் கூப்பிடுங்க. களவு போனதப் பாத்தவங்க, இதையும் பாக்கட்டும். நான் ஆட்டுப் புரியாணி போடுறன்."

சேருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகு மனைவிக்குத் தன் அருமை விளங்கியிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

சனிக்கிழமை பதினொரு மணி. முன்கதவுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். ஆம், பூட்டுக்கு ரிப்பன். மேலே டிஜிட்டல் பேனர்: 'நவீன பாதுகாப்பு முறைமை அங்குரார்ப்பண வைபவம்.' பிரதம அதிதி மீராமுகைதீன் ஹாஜியார் கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். கை தட்டினார்கள். முற்றத்து வெயிலில் நின்றபடி நஸீம் சேர் இருபது நிமிடம் உரையாற்றினார். அந்த இருபது நிமிடத்தில், குசினியில் புரியாணிச் சட்டிக்குத் தம் போட்டுவிட்டு, மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்திருந்த போனை எடுத்தாள் கமீலா. 'நஸீம்' என்ற பெயருக்கு நேரே இருந்த சின்னக் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினாள். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. இவ்வளவு மரியாதையாக அவளிடம் யாரும் ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலம்!

"இப்ப பாருங்க," என்று சேர் பெருவிரலை வைத்தார்.

சிவப்பு. கீக்.

சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். கீக். மற்றக் கையை வைத்தார். கீக்.

"வேர்வைக்கு இப்படித்தான்" என்றார் யாரோ ஆறுதலாக.

ஐந்தாவது தரம் பூட்டே கத்தத் தொடங்கியது. அயல் வீட்டுப் பெண்கள் மதிலுக்கு மேலே தலை காட்டினார்கள். பக்கக் கதவுக்கு ஓடிப்போய் விரலை வைத்தார். அங்கும் கீக். பின்கதவு? அதற்கும் தராதரம் இல்லை. முன்வாசலுக்கே திரும்பி வந்தார்.

"கமீலா!" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்துக் குரலைச் சீனிப்பாகில் தோய்த்தார். வீட்டில் 'நீ', வெளியில் 'நீங்க'. "கமீலா, கொஞ்சம் தொறங்களன்."

பெல்லிலிருந்து கமீலாவின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. தெளிவான ஸ்பீக்கர். நல்ல சாமான்தான்.

"தொறக்கிறன். அதுக்கு முதல் ஒரு சின்னப் பேச்சுப் பேசுங்க. உங்களுக்குப் பேச்செண்டா விருப்பம்தானே. அந்தப் பதக்கம் எங்க இருந்த?"

நஸீம் சேர் வெளிறினார். "அத... உள்ளுக்குப் போய்க் கதைப்பமே."

"உள்ளுக்கு வாறதுக்குத்தான் கேக்கிறன்."

புரியாணி வாசம் யன்னலால் வந்து எட்டுப் பேரையும் ஒரு சுற்றுச் சுற்றியது. மீராமுகைதீன் ஹாஜியார் மெதுவாகச் சொன்னார்: "என்ன சேர், தெரிஞ்சா சொல்லுங்களன். வெயிலும் ஏறுது."

நஸீம் சேர் தொண்டையைச் செருமினார். "அதாவது, குறித்த பதக்கமானது பின்னர் உரிய இடத்தில் மீளக் கண்டெடுக்கப்பட்டமையை இச்சந்தர்ப்பத்தில்..."

"தமிழில சொல்லுங்க. எந்த இடம்?"

"...கோட்டுப் பொக்கட்."

"ஆர்ட கோட்டு?"

"என்ட."

"எத்தினையாம் நாள் கண்ட?"

"ஒம்பதாம் நாள்."

"முனவ்வறா எடுத்தாவா?"

"இல்ல."

"ஹாஜியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமா."

"முனவ்வறா எடுக்கல்ல! நான்தான் கோட்டுக்குள்ள வெச்சிட்டு மறந்திட்டன்! தெரிஞ்சும் சொல்லல்ல! காணுமா?"

மதிலுக்கு மேலிருந்த தலைகளில் ஒன்று "அடி அல்லாஹ்!" என்றது. அது கடற்கரை வீதி முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு ரசீது.

பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. எட்டுப் பேரும் சாப்பிட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். புறப்படும்போது மீராமுகைதீன் ஹாஜியார் குசினி வாசலில் நின்று, "தங்கச்சிட மகள்ற விசயம் நாங்க திரும்பக் கதைப்பம்" என்றார்.

"நீங்க கதைக்கலாம் ஹாஜியார். கேக்கிறதா வேணாமா எண்டு முனவ்வறாதான் சொல்லணும்."

ஆட்கள் போனதும் நஸீம் சேர் வந்து குசினி நிலையில் சாய்ந்து நின்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் குசினி வரை வந்தது மூன்றாம் தடவை.

"சொல்லிட்டன்தானே. இனி என்ட விரலத் திரும்பப் போடு."

"போடுறன். முனவ்வறா சொல்லட்டும்."

"அவள் என்ன சொல்லுற? இது என்ட வீடு..." என்று தொடங்கியவர், தானே நிறுத்திக்கொண்டார்.

மூன்று நாள் தாக்குப்பிடித்தார். பள்ளிக்குப் போய்வந்து பெல் அடித்தார், சந்தைக்குப் போய்வந்து பெல் அடித்தார். ஒவ்வொரு தடவையும் "ஆரு?" என்று கேட்டாள் கமீலா. கெமராவில் முகம் தெளிவாகத்தான் தெரிந்தது. இருந்தும் கேட்டாள். "நான்தான்." "நான்தானெண்டா?" "நஸீம்." பட்டங்களோடு சொல்லிப் பார்க்க அவருக்கே துணிவு வரவில்லை.

நாலாம் நாள் அஸர் தொழுது வந்தவர், பெல் அடிக்காமல் வீதியால் சுற்றிப் பக்கத்து வளவுக்குப் போனார். கமீலா மேல்மாடியில் உடுப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முனவ்வறாவின் முன்கதவு அகலத் திறந்து கிடந்தது. அவள் உள்ளே நிலத்தில் குந்தியிருந்து கீரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

நஸீம் சேர் வாசற்படியில் ஒரு காலை வைத்தார்.

"முனவ்வறா, நான் கொஞ்சம் கதைக்கணும்."

முனவ்வறா நிமிரவில்லை. ஒரு மீனின் தலையைக் கிள்ளி எறிந்தாள்.

"கதைங்க மச்சான். காது தொறந்துதான் இரிக்கி. கதவும் தொறந்துதான் கெடக்கு. ஆனா வாங்கெண்டு நான் சொல்லல்ல."

அவர் வைத்த காலை எடுத்தார். போகவும் இல்லை, நுழையவும் இல்லை. மேற்கு வெயில் நேரே முதுகில் அடித்தது. வீதியில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சேர், வெயிலுக்குள்ள நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"சும்மா," என்றார் நஸீம் சேர். "காத்து வாங்குறன்."

முனவ்வறா அடுத்த மீனை எடுத்தாள். சட்டியில் இன்னும் அரைவாசி இருந்தது.